எடின்பரோவில் சைக்கிள் சவாரி

சரித்திரப் பாடம் நடத்தும் உபாத்தியாயர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. படத்தில் பார்க்கும் ஊர்களெல்லாம் சமதரையாகவே இருக்கும். ஸ்காத்லாந்தின் தலைநகரமாகிய எடின்பரோவை நானும் புத்தகத்தில் படித்தவன்தான். மேற்கே கோட்டை, கிழக்கே ஹோலிரூட் அரண்மனை, இரண்டையும் சேர்க்கும் ராஜவீதி ஒரு மைல் என்று ஒப்பிக்கத் தெரியும். அந்த ஒரு மைலைச் சுற்றி எத்தனை மேடு, எத்தனை பள்ளம் என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. சென்ற வருஷம் மே மாதக் கடைசியில் என் முழங்கால்கள் சொல்லின.

காலை பத்து மணிக்கு மெடோஸ் என்னும் புல்வெளியில் எட்டுப் பேர் கூடினோம். ஆளுக்கொரு சைக்கிள், ஒரு தலைக்கவசம், ஒரு மழைக்கோட்டு. வெயில் அடிக்கும்போது மழைக்கோட்டு எதற்கு என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. வழிகாட்ட வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார். சரித்திரம் படித்தவர், மேட்டில் ஏறும்போதும் மூச்சு வாங்காமல் பேசக்கூடியவர். நாங்கள் நின்ற புல்வெளி முற்காலத்தில் ஏரியாக இருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்ததென்று அவர் தொடங்கியபோதே, இன்று நான் வாத்தியார் அல்ல, கடைசி பெஞ்சு மாணவன் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

முதலில் கிரேபிரையர்ஸ் மாதாகோயில். எஜமானுடைய கல்லறையைப் பதினான்கு வருஷம் காத்ததாகச் சொல்லப்படும் பாபி என்ற நாயின் சிலை அருகிலே இருக்கிறது. அதன் மூக்கைத் தடவிப் படம் எடுத்துக்கொள்ள ஒரு பெருங்கூட்டம். அரசன் சார்லஸ் தங்கள் மதத்தில் தலையிடுவதை எதிர்த்து, 1638-இல் ஸ்காத்லாந்து ஜனங்கள் உடன்படிக்கைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட இடம் அந்தக் கோயில். அங்கே ஒருவரும் இல்லை. அம்மையார் நாயைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மணியை அடித்துக்கொண்டு கிளம்பினார்.

பழைய நகரத்தின் தெருக்களில் கருங்கல் பாவியிருக்கிறது. அதன்மேல் சைக்கிள் விடுவது உரலுக்குள் உட்கார்ந்திருப்பது போன்றது. அந்த இடத்தில்தான் எங்களுக்கு டயரின் கதை சொல்லப்பட்டது. காற்றடைத்த டயருக்கு 1845-இல் முதன்முதலாகக் காப்புரிமை பெற்ற ராபர்ட் வில்லியம் தாம்ஸன் ஸ்காத்லாந்துக்காரர். 1873-இல் இந்த எடின்பரோவிலேயே காலமானார். அவர் நினைத்தது குதிரை வண்டியை. அவரை உலகம் மறந்தே போயிற்று. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த டன்லப், அவரும் ஸ்காத்லாந்தில் பிறந்தவரே, அதைத் தாமாகவே மறுபடி கண்டுபிடித்துப் புகழ் பெற்றார். தாம்ஸனை மனதார வாழ்த்தியபடி அந்தக் கற்களைக் கடந்தேன்.

ராஜவீதியிலிருந்து ஒரு குறுகிய வாயில் வழியாக ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். சுற்றிலும் வானத்தை மறைக்கும் மாடி வீடுகள். மலை முதுகு குறுகலானது, மதிற்சுவர் வேறு, ஆகவே ஊர் அகலத்தில் வளராமல் உயரத்தில் வளர்ந்தது. அக்காலத்தில் ஒரே கட்டடத்தின் நடு மாடிகளில் பிரபுக்களும் ஜட்ஜுகளும், உச்சியிலும் அடியிலும் ஏழைகளும் குடியிருந்தார்கள். படிக்கட்டு எல்லோருக்கும் ஒன்றுதான். ஜட்ஜும் செருப்புத் தைப்பவரும் தினம் ஒருவருக்கொருவர் வழிவிட்டாக வேண்டும்.

1767-இல் இந்த ஏற்பாடு குலைந்தது. இருபது வயதுகளில் இருந்த ஜேம்ஸ் கிரெய்க் வரைந்த திட்டப்படி, வடக்கே பள்ளத்துக்கு அப்பால் நேரான வீதிகளும் சதுக்கங்களுமாகப் புது நகரம் எழுந்தது. வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராக அங்கே போய்விட்டார்கள். ஜேம்ஸ் கோர்ட்டில் வசித்த தத்துவஞானி டேவிட் ஹியூமும் 1771-இல் போனார். மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டன. ஏழைகள் நெருங்கிக் குடியேறினார்கள். சாக்கடையும் நோயும் மிஞ்சின.

நூறு வருஷத்துக்கு மேல் சென்றபின், எல்லோரும் போன திசைக்கு எதிர்த்திசையில் ஒரு தம்பதி வந்தார்கள். தாவர சாஸ்திரியான பாட்ரிக் கெட்டஸும், புது மனைவி அன்னாவும். 1887-இல் இந்தச் சேரியிலேயே குடித்தனம் வைத்து, அயலாரோடு சேர்ந்து சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். முற்றத்தில் செடி வைத்தார்கள். மிக மோசமான வீட்டை மட்டும் எடுத்துவிட்டு, வெளிச்சமும் காற்றும் வர வழி செய்து, மற்றவற்றைப் பழுதுபார்ப்பது அவருடைய முறை. மொத்தமாக இடிப்பது வைத்தியம் அல்ல, கொலை என்பதே அவர் கட்சி.

இந்தப் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்தேன். சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் அழைத்து 1914-இல் நம் நாட்டுக்கு வந்தவர் அல்லவா அவர்? நகரங்களைப் பற்றிய அவருடைய கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. சென்னையின்மீது குண்டு வீசிய அதே எம்டன். மனிதர் அசரவில்லை. புதிதாகப் பொருள் சேர்த்து 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மதுரைக்கும் தஞ்சைக்கும் போனார். தஞ்சைக் கோட்டைக்குள் நேரான தெருக்களுக்காக வீடுகளை இடிக்கும் திட்டத்தை மறுத்து, ஜேம்ஸ் கோர்ட்டில் கற்ற முறையையே அங்கும் சிபாரிசு செய்தார். 1917-இல் அன்னா அம்மையார் இந்தியாவிலேயே இறந்தார். அதே வருஷம் மூத்த மகன் பிரான்ஸ் யுத்தகளத்தில் மடிந்தான்.

பழைய நகரத்திலிருந்து புதியதற்கு இறங்கும் சாலைக்கு மவுண்ட் என்று பெயர். மண்மேடு என்று பொருள். புது நகரத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணை வண்டி வண்டியாகப் பள்ளத்தில் கொட்டியதால் உண்டானது. இரண்டு பிரேக்குகளையும் பிடித்துக்கொண்டே இறங்கினேன். கீழே பிரின்ஸஸ் தெருவில் டிராம் தண்டவாளம். நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் சிக்கிக்கொள்ளும் என்று அம்மையார் மும்முறை எச்சரித்தார். நான் இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன். வயதுக்கு ஏற்ற வீரம் போதும்.

புது நகரம் அழகானது. எல்லா வீடும் ஒரே நிறக் கல், ஒரே அளவு ஜன்னல். ஸெயிண்ட் ஆண்ட்ரூ சதுக்கத்தில் சுமார் 150 அடி உயரத் தூணின்மேல் ஹென்றி டண்டாஸ் நிற்கிறார். அடிமை வியாபாரத்தை ஒழிக்க 1792-இல் பிரேரணை வந்தபோது, 'படிப்படியாக' என்ற வார்த்தையை நுழைத்தவர் இவர்; வியாபாரம் 1807 வரை நடந்தது. 2021-இல் அந்த விவரம் தூணின் அடியில் பட்டயமாகப் பதிக்கப்பட்டது. அதன் வாசகத்தைப் பற்றிப் பெரும் சர்ச்சை நடந்தது. எனக்கு வேறொரு கணக்கு ஞாபகம் வந்தது. 1793 முதல் 1801 வரை லண்டனில் இந்திய விவகாரங்களை மேற்பார்த்த போர்டுக்கு இவரே தலைவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்ததும், கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் 1799-இல். அம்மையாரிடம் சொன்னேன். கயத்தாறு என்ற பெயரை என்னை இரண்டு முறை உச்சரிக்கச் சொல்லி, ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டார்.

கால்டன் குன்றைச் சுற்றி இறங்கினால் அரண்மனைக்கு எதிரே ஸ்காத்லாந்தின் பார்லிமெண்ட். 1707-இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது சட்டம், மதம், பள்ளிக்கூடம் இவற்றைத் தம் வசம் வைத்துக்கொண்டு பார்லிமெண்டை லண்டனுக்கு விட்டார்கள். அதன்பின் எடின்பரோ தலைநகரம்தான். தலை மட்டும் ஊரில் இல்லை. 1997-இல் ஜனங்கள் வாக்களித்து, 1999-இல் 129 அங்கத்தினருடன் சபை மீண்டும் கூடியது. ஸ்பெயின் தேசத்துச் சிற்பி என்ரிக் மிராயஸ் திட்டமிட்ட கட்டடம் 2004-இல் திறக்கப்பட்டது; அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. நாற்பது மில்லியன் பவுனுக்குள் என்று தொடங்கிய செலவு 414 மில்லியனில் முடிந்ததாம். காண்டிராக்டு என்றால் எந்த ஊரிலும் காண்டிராக்டுதான்!

அப்புறம் ஆர்தர்ஸ் ஸீட் என்னும் அணைந்த எரிமலையின் அடிவாரத்தைச் சுற்றி டடிங்ஸ்டன் வரை நல்ல பாதை. திரும்பும் வழியில் ஒரு சுரங்கம். 1831-இல் நிலக்கரி கொண்டுவரத் திறந்த ரயில்பாதை அது. வண்டியை இழுத்தவை குதிரைகள். சாது ரயில் என்று அதற்குப் பெயர். சுரங்கத்தின் ஏற்றத்தில் மட்டும் நீராவி யந்திரம் கயிறு கட்டி இழுத்தது. இன்று அது சைக்கிள் பாதை. அரை கிலோமீட்டர் நீளம், முப்பதுக்கு ஒன்று ஏற்றம், கயிறு கிடையாது. பாதியில் என் பேச்சு நின்றது. முடிவில் மூச்சும் நிற்கும்போல் இருந்தது.

மெடோஸில் தேநீர் அருந்தும்போது அம்மையார் கேட்டார்: "தஞ்சாவூரில் கெட்டஸ் காப்பாற்றச் சொன்ன சந்துகள் இப்போது இருக்கின்றனவா?"

நான் இருபது வருஷமாகத் தஞ்சாவூரில் உத்தியோகம் பார்க்கிறேன். அந்தச் சந்துகளின் வழியாகத்தான் தினம் பள்ளிக்கூடம் போகிறேன். எது இடிந்தது, எது நின்றது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. ஊருக்குப் போய் விசாரித்து எழுதுவதாகச் சொல்லி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் நோட்டைத் திறந்து, கயத்தாற்றுக்குக் கீழே என் விலாசத்தை எழுதிக்கொண்டார்.