மாடலிங் துறையில் எடை அளவுகோல்: ஆபத்துகளும் சட்டப் பாதுகாப்பும்

மாடல்கள் எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. நடைமுறையில் அதை முடிவு செய்வது தையல்தான். ஃபேஷன் காட்சிக்கு முன்பே டிசைனர் தம் ஆடைகளை ஒரே மாதிரி அளவில் தைத்து வைத்துவிடுகிறார். மேடையேறுபவர் அதற்குள் அடங்கியாக வேண்டும். ஆளுக்கு ஆள் பிரித்துத் தைப்பதைவிட, துணிக்கு ஏற்ற ஆளைப் பிடிப்பது செலவு குறைந்த வழி. இடுப்பளவு கேட்டு ஆளைக் கழிக்கும் பழக்கம் இந்தச் சிக்கனத்தில் பிறந்தது. மருத்துவத்துக்கும் அதற்கும் உறவில்லை.

மருத்துவக் கணக்கு வேறு. உடல் எடைக் குறியீடு (பி.எம்.ஐ.) 18.5க்குக் கீழே இறங்கினால் எடைக்குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது சுமார் 53 கிலோ. 2006 ஆகஸ்டில், மெலிவதற்காகப் பட்டினி கிடந்த உருகுவே மாடல் லூயிசல் ராமோஸ், மேடையில் நடந்து முடித்த சற்று நேரத்தில் 22 வயதில் இறந்தார். அடுத்த மாதமே மாட்ரிட் ஃபேஷன் காட்சி, குறியீடு 18க்குக் குறைந்தவர்களுக்குத் தடை விதித்தது. நவம்பரில் பிரேசில் மாடல் அனா கரோலினா ரெஸ்டனும் 21 வயதில் இறந்தார். இத்தகைய தடைக்கு இஸ்ரேல் 2012இல் சட்டமே இயற்றியது. பிரான்சில் 2017 முதல் மாடல்கள் மருத்துவச் சான்று தர வேண்டும். உடலை மெலிதாகவோ பருமனாகவோ திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிடவும் வேண்டும்.

பட்டினி, பேதி மாத்திரை, சிறுநீரைக் கூட்டும் மாத்திரை, தேவையின்றி விழுங்கும் தைராய்டு மாத்திரை: எடையை வேகமாகக் குறைக்கக் கையாளப்படும் வழிகள் இவை. ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். மாதவிடாய் நிற்கும், எலும்பு வலுவிழக்கும். கட்டுடல் வேண்டி ஸ்டீராய்டு போட்டுக்கொள்ளும் ஆண்களுக்கும் ஆபத்து குறைவில்லை. மெலிந்தவரைப் பார்த்து “சோறு திங்கலியா?” என்று கேட்கும் ஊரிலேயே, கைபேசிப் படத்தில் அதே மெலிவுக்குப் பாராட்டு குவிவதால் உணவுண்ணல் கோளாறு என்ற நோய் வெகுநாள் வெளியே தெரிவதில்லை. சாப்பாட்டு வேளையில் நழுவுவது, சாப்பிட்டதும் குளியலறைக்குள் புகுவது, எந்நேரமும் குளிர்கிறது என்பது, முடி கொட்டுவது ஆகியவற்றை வீட்டார் கவனிக்க வேண்டும்.

கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பு போன்ற சிற்றூரில் இருப்பவர்களிடம் வாய்ப்பு என்ற பெயரில் வரும் அழைப்பில் ஏமாற்றும் கலந்திருக்கலாம். போர்ட்ஃபோலியோவுக்கு முன்பணம் கேட்பது ஒரு வகை. ‘உடலளவு பார்க்க’ உள்ளாடைப் படம் அனுப்பச் சொல்வது அதைவிட மோசம். அது மிரட்டலில் போய் முடியலாம். பணம் பறிபோனால் உடனே 1930 எண்ணில் புகார் செய்யலாம். அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றி எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். படப்பிடிப்புத் தளமும் பணியிடமே. அங்கு பாலியல் தொல்லைக்கு ஆளான பெண் நிரந்தர ஊழியராக இல்லாவிட்டாலும், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடமோ, அது இல்லாவிட்டால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடமோ மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம்.

விளம்பரத்தில் நடிக்கும் சிறுவர்களுக்கு விதி தெளிவாகவே இருக்கிறது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும்.

எடை குறைப்பு விளம்பரங்களை நம்பிப் பணம் இழந்தவர்களுக்கும் வழியுண்டு. மருந்தால் உடல் பருமனைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடுக்கிறது. கொழுப்பைக் குளிரூட்டிக் கரைக்கும் சிகிச்சையைப் பெருத்த எடைக்குறைப்பு போலக் காட்டியதற்காக, 2025இல் வி.எல்.சி.சி. நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 3 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை. ரசீதும் விளம்பரப் படமும் பத்திரமாக இருக்கட்டும். வழக்குக்கு முன் 1915 எண்ணிலும் முறையிடலாம்.

உணவுண்ணல் கோளாறு மனநோய்களிலேயே உயிரிழப்பு மிகுந்தவற்றுள் ஒன்று, அறிவுரையால் தீராது. சிதம்பரத்திலுள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வெளியே செல்லத் தயங்குவோர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.