பிரசவம் முடிஞ்சு 3 மாசத்துல கொத்துக் கொத்தா முடி கொட்டுதா? ஷாம்பூவை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

தலை சீவினால் சீப்பு நிறைய முடி. குளித்துவிட்டு வந்தால் பாத்ரூம் தரையில் ஒரு கொத்து. உடனே நம்ம வீடுகளில் வரும் முதல் தீர்ப்பு, "தண்ணி ஒத்துக்கல". அடுத்து, "ஷாம்பூவை மாத்து". அதுக்கும் நிற்கவில்லை என்றால் புதுசா ஒரு எண்ணெய் பாட்டில்.

ஆனால் பல நேரங்களில் காரணம் பாத்ரூமில் இல்லை, உடம்புக்குள் நடந்த ஹார்மோன் மாற்றத்தில் இருக்கிறது. அதுவும் நேற்று நடந்தது இல்லை, இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பு நடந்தது. எப்படி? பார்க்கலாம்.

முடி ஏன் 'லேட்டாக' கொட்டுகிறது?

நம் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வளரும். மாதத்துக்கு சுமார் 1 செ.மீ. பிறகு வளர்ச்சி நின்று, சுமார் 3 மாதம் ஓய்வில் இருக்கும். ஓய்வு முடிந்ததும் உதிரும், அதே இடத்தில் புது முடி முளைக்கும். இதனால்தான் தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு என்கிறார்கள் மருத்துவர்கள்.

ஹார்மோன் அளவு திடீரென மாறினால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அன்றைக்கே கொட்டாது. 2, 3 மாதம் கழித்துத்தான் கொட்டும். அதற்குள் உண்மையான காரணத்தை நாம் மறந்திருப்போம். கடைசியாக வாங்கிய ஷாம்பூ மாட்டிக்கொள்ளும்!

பிரசவத்துக்குப் பின் என்ன நடக்கிறது?

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். உதிர வேண்டிய முடியைக்கூட அது பிடித்து வைத்திருக்கும். கர்ப்பிணிகளின் கூந்தல் அடர்த்தியாகத் தெரிவது இதனால்தான். குழந்தை பிறந்ததும் ஈஸ்ட்ரோஜன் சடாரென இறங்கும். பிடித்து வைத்திருந்த முடியெல்லாம் சேர்ந்து 2 முதல் 4 மாதத்துக்குள் கொட்டத் தொடங்கும்.

"குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்" என்று சில வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. குழந்தையின் சிரிப்புக்கும் முடிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இரண்டும் நடக்கும் காலம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் முடி பழையபடி வந்துவிடும். பத்தியம் என்ற பெயரில் சாப்பாட்டைக் குறைக்காமல் இருப்பது முக்கியம். இரும்புச்சத்து குறைந்தாலும் முடி கொட்டும்.

தைராய்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

தைராய்டு ஹார்மோன் குறைந்தாலும் கொட்டும், கூடினாலும் கொட்டும். ஒரு இடத்தில் மட்டும் இல்லாமல் தலை முழுக்க மெலியும். குறைந்தவர்களில் சிலருக்குப் புருவத்தின் வெளி ஓரமும் உதிரும். கூடவே அசதி, எடை கூடுவது, மலச்சிக்கல், குளிர் தாங்காமை.

இங்கேதான் கவனம் தேவை. பிரசவமான முதல் ஆண்டில் சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி வரலாம். முடி கொட்டுவது, அசதி, மனச்சோர்வு எல்லாவற்றையும் "பச்சைக் குழந்தையைப் பார்க்கிற அலுப்பு" என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள். ஒரு சின்ன ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விஷயம் இது. சிகிச்சை எடுத்தால் சில மாதங்களில் முடியும் திரும்பும்.

ஆண்களின் வழுக்கை வேறு கதை

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் இருந்து டிஹெச்டி என்ற ஹார்மோன் உருவாகிறது. பரம்பரையாக டிஹெச்டியைத் தாங்காத முடி வேர்கள், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருங்கும். முடி மெலிந்து மெலிந்து பூனைமுடி ஆகிவிடும். இது 3 மாதக் கணக்கு இல்லை, பல ஆண்டு வேலை. வழுக்கை விழுந்தவருக்கு ஆண் ஹார்மோன் அதிகம் என்பது கட்டுக்கதை. அளவு இயல்பாகவே இருக்கும், வேர்தான் அதைத் தாங்காது. அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் இது வரும்.

டிஹெச்டியைக் குறைக்கும் ஃபினாஸ்டெரைடு மாத்திரைக்கு 1997ல் அமெரிக்கா ஆண்களின் வழுக்கைக்காக அனுமதி தந்தது. சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறைவது, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் வரலாம். வயிற்றில் வளரும் ஆண் சிசுவைப் பாதிக்கும் என்பதால், கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்குகிற மாத்திரை இல்லை இது.

பெண்களுக்கு வகிடு அகலமானால்?

பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு ஆண் ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கலாம். நெற்றி ஓரம் அப்படியே இருக்க, நடு வகிடு மட்டும் அகலமாகும். மாதவிடாய் தள்ளிப்போவது, முகவாயில் முடி, அடங்காத பரு இருந்தால் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதாலும் முடி மெலியலாம்.

பயோட்டின் மாத்திரை சாப்பிடுறீங்களா?

முடி வளர என்று பலரும் எடுக்கும் பயோட்டின், ரத்தப் பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டலாம் என்று 2017ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. தைராய்டு டெஸ்ட்டும் அதில் அடக்கம். டெஸ்ட்டுக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

* பிரசவமாகி ஓராண்டு கடந்தும் கொட்டுவது நிற்கவில்லை என்றால்
* அசதி, எடை மாற்றம், மாதவிடாய்க் கோளாறு சேர்ந்து வந்தால்
* வகிடு அகலமாகிக்கொண்டே போனால்
* காசு அளவுக்கு வட்டமாகக் கொட்டினால். இது பெரும்பாலும் ஹார்மோன் இல்லை, நோய் எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்டது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது ஒரே ஒரு கேள்விக்குப் பதிலோடு போங்கள்: 3 மாதத்துக்கு முன்பு உடம்பில் என்ன மாறியது? பிரசவமா, கடும் காய்ச்சலா, புது மாத்திரையா? அடுத்த எண்ணெய் பாட்டில் வாங்குவதற்கு முன், காலண்டரைக் கொஞ்சம் பின்னாடி புரட்டிப் பாருங்க.