ஈஸ்ட் செல்லும் அதன் சுவரும்

ரொட்டி மாவையும் பன் மாவையும் உப்பச் செய்வது ஈஸ்ட் என்பது நாம் எல்லாரும் அறிந்ததே. அதில் ஒரு சிட்டிகையை வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து, சற்று நேரம் கழித்து ஒரு சொட்டை எங்கள் ஆய்வுக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். முட்டை வடிவில் எண்ணற்ற செல்கள்! பலவற்றின் மேல் கடுகு ஒட்டியதுபோல் ஒரு சிறு அரும்பு. அரும்பு வளர்ந்து பிரிந்து தனிச் செல்லாகும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் செல்லைச் சுற்றிக் கெட்டியான சுவர் இருக்கிறதே, அரும்பு எப்படி வெளியே வருகிறது என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். அதற்கு விடை தேடியபோது அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

ஓர் ஈஸ்ட் செல்லின் அகலம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய 200-இல் ஒரு பங்கு. உள்ளே நீரின் அழுத்தம் மிகுதி. சுவர் இல்லாவிட்டால் செல் வெடித்துவிடும். குளுக்கான் என்னும் சர்க்கரைச் சங்கிலிகளே சுவரின் பலம். அதன் வெளிப்புறம் மேனோஸ் சர்க்கரை சேர்ந்த புரதங்களால் ஆன போர்வை. நண்டு ஓட்டில் உள்ள கைட்டினும் 1 அல்லது 2 சதவீதம் உண்டு. நம் உடல் செல்களுக்கு இத்தகைய சுவரே கிடையாது. ஆகவேதான் குளுக்கான் உண்டாவதைத் தடுக்கும் காஸ்போஃபங்கின் என்ற மருந்து, ஈஸ்ட்டின் உறவான கேண்டிடா பூஞ்சையால் கடும் நோயுற்றவர்களைக் காக்கப் பயன்படுகிறது.

அரும்ப வேண்டிய இடத்தில் செல் முதலில் ஒரு கைட்டின் வளையத்தைப் போடுகிறது. கிணறு தோண்டுமுன் உறை இறக்குவது போல என்று சொல்லலாமா? வளையத்திற்குள் மட்டும் சுவர் நெகிழ்ந்து கொடுக்க, அங்கே அரும்பு புடைக்கிறது. நெகிழ்த்துவதும் புதுப் பொருளைச் சேர்ப்பதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். நெகிழ்வு மிஞ்சினால் செல் வெடிக்கும், குறைந்தால் அரும்பு வளராது. தாயின் சுவர் இப்போது அநேகமாக வளர்வதில்லை. புதுச் சுவர் எல்லாம் அரும்புக்கே போகிறது. முதலில் நுனியில், பிறகு சுற்றிலும். கழுத்து மட்டும் வளையத்தால் ஒடுங்கியே இருக்கும்.

அரும்பு போதிய அளவு வளர்ந்ததும், வளையத்திலிருந்து உள்நோக்கி ஒரு மெல்லிய கைட்டின் தடுப்பு வளர்ந்து கழுத்தை அடைக்கிறது. அதன் இரு பக்கமும் தாயும் சேயும் தத்தம் சுவரைக் கட்டிக்கொள்கின்றன. பின்னர் சேய், தன் பக்கத்திலிருந்து கைட்டினைக் கரைக்கும் ஒரு நொதியைச் சுரந்து, தன்னை விடுவித்துக்கொள்கிறது. இந்த வெட்டு சற்று ஆழமாகப் போனால் சேயின் சுவரில் ஓட்டை விழும்! புளிப்பான திரவத்தில் இவ்வாறு சேய்கள் அழிவதுண்டு என்று அமெரிக்காவில் ஆய்வு செய்த என்ரிக்கோ கபீப் குழுவினர் 1989-இல் காட்டினர். அந்த ஓட்டையை அடைக்கவே தனியாகக் கைட்டின் செய்யும் ஒரு நொதி காத்திருக்கிறதாம்.

பிரிந்தபின் கைட்டினில் பெரும்பகுதி தாயின் மேல் வட்ட வடுவாக நின்றுவிடுகிறது. வடு உள்ள இடத்தில் மறுபடி அரும்புவதில்லை. எனவே வடுக்களை எண்ணினால் அந்தத் தாய் பெற்ற சேய்களின் எண்ணிக்கை தெரியும். 1959-இல் மார்ட்டிமர், ஜான்ஸ்டன் என்ற இருவர், பிறந்த ஒவ்வொரு சேயையும் நுண்ணிய ஊசியால் விலக்கி எண்ணிப் பார்த்தனர். ஒரு தாய் சராசரியாக 24 சேய்களை ஈன்று ஓய்ந்தது. சுவரில் இடம் இல்லாமற் போவதால் அன்று. இடம் இன்னும் நிறையவே இருக்கும். பழுதான பொருள்களைத் தாய் தன்னிடமே வைத்துக்கொண்டு சேயைப் புதிதாக அனுப்புவது ஒரு காரணம் என்கிறார்கள்.

எங்கள் மைக்ராஸ்கோப்பில் வடு எதுவும் தெரியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத் துணிக்கு வெண்மையூட்டும் சாய வகை ஒன்றைச் சேர்த்து, புற ஊதா ஒளியில் பார்க்க வேண்டுமாம்; வடுக்கள் நீல வளையங்களாக ஒளிரும். அப்போதும் 24 வடுக்கள் உள்ள பாட்டியைக் காண்பது அரிது. ஏனெனில் நன்றாகப் பெருகும் ஈஸ்ட்டில் ஏறக்குறையப் பாதி, வடு ஒன்றுமே இல்லாத புதுச் சேய்கள். கால் பங்குக்கு ஒரே ஒரு வடு.