மீன் சேராத வூஸ்டர் சாஸ்: நம் கடைச் சரக்கிலேயே செய்யலாம்

நெல்லைச் சீமையில் பலசரக்குக் கடை நடத்துகிற எவரும் நாள்தோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, இது சைவம்தானே?" என்பதே அது. உளுந்தையும் துவரம்பருப்பையும் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை. பாட்டிலிலும் பாக்கெட்டிலும் வருகிற புதுச் சரக்குகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கூட்ட நேரத்தில் நாமும் லேபிளைப் பார்க்காமலே "ஆமாம், சைவம்தான்" என்று சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் சொன்னேன். வாங்கியவர் தலைமுறை தலைமுறையாகச் சைவம் உண்ணும் வீட்டு அம்மாள். இரண்டு நாள் கழித்துப் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தார். "பேரன் வாசிச்சுச் சொன்னான் அண்ணாச்சி, இதுல மீன் சேர்ந்திருக்காம்லா" என்று லேபிளின் பொடி எழுத்தைக் காட்டினார். சத்தம் போடவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்த வீட்டார் சாப்பிட்டு முடித்ததை என்னால் திருப்ப முடியவில்லை. அதன்பிறகு எத்தனையோ நாள் அந்த அம்மாள் உப்பும் புளியும்கூட வேறு கடையில் வாங்கினார்.

அந்தப் பாட்டில் வூஸ்டர் சாஸ். அதில் மீன் ஏன் சேர்கிறது, மீன் இல்லாமல் அதை எப்படிச் செய்வது, கடையில் விற்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை நம் வணிகர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

வூஸ்டர் சாஸ் என்பது என்ன?

லேபிளில் 'வொர்செஸ்டர்ஷயர்' என்று வாசிக்கும்படி எழுதியிருந்தாலும், 'வூஸ்டர்' என்பதே உச்சரிப்பு. இங்கிலாந்தில் வூஸ்டர் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வீலி லீ, வில்லியம் ஹென்றி பெரின்ஸ் என்ற இருவர் 1837-ஆம் ஆண்டு வாக்கில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 'லீ அண்ட் பெரின்ஸ்' என்ற அவர்கள் பெயரிலேயே இன்றும் அது விற்கிறது. 2005-ல் அந்த வணிகப் பெயரை ஹைன்ஸ் நிறுவனம் வாங்கியது.

வங்காளத்தில் கவர்னராக இருந்த சாண்டிஸ் பிரபு இந்தியாவிலிருந்து செய்முறையைக் கொண்டுபோய் அந்த மருந்துக்கடைக்காரர்களிடம் கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அந்தப் பெயரில் வங்காளத்துக்குக் கவர்னர் எவரும் இருந்ததில்லை. கதை எப்படியாயினும், அதில் சேரும் சரக்கைப் பார்த்தால் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. வினிகர், கரும்புச் சர்க்கரைப் பாகு, சீனி, உப்பு, ஆன்சோவி மீன், புளி, வெங்காயம், பூண்டு, மசாலாச் சரக்கு ஆகியவையே அவை. புளிக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயரே 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஆன்சோவி என்பது நம் நெத்திலி இனத்து மீன். தாமிரபரணி கடலோடு சேரும் புன்னைக்காயல் கரையில் இறங்குகிற அதே சாதி. பெயர் ஆங்கிலத்தில் இருப்பதால் வாங்குபவருக்கும் தெரிவதில்லை, விற்பவருக்கும் தெரிவதில்லை.

மீன் எதற்காக?

மீனை உப்பிட்டு ஊறவைத்துச் சாறெடுத்து உணவுக்கு ருசி ஏற்றுவது மிகப் பழைய வழக்கம். ரோமானியர்கள் 'காரும்' என்ற மீன் சாற்றை எல்லாப் பண்டத்திலும் ஊற்றினார்கள். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த புதுச்சேரி அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானியச் சாடிகளில் சில, மது கொண்டுவந்தவை அல்ல, மீன் சாறு கொண்டுவந்தவை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நம் தூத்துக்குடிக் கரையில் மாசிக் கருவாட்டை இடித்துச் சம்பலில் சேர்ப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான்.

மீன் தருவது மீன் வாடையை மட்டும் அல்ல. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு என்பவற்றுக்கு அப்பால் நாக்கில் நிறைந்து நிற்கும் ஒரு ருசி உண்டு. 1908-ல் ஜப்பானிய விஞ்ஞானி கிகுனே இகேடா கடற்பாசியைக் காய்ச்சி, அந்த ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டு, அதற்கு 'உமாமி' என்று பெயரிட்டார். 1913-ல் அவருடைய மாணவர் கொடாமா, மாசியைப் போன்ற சூரை மீன் கருவாட்டில் இனோசினேட் என்ற இன்னொரு பொருளைக் கண்டார். 1957-ல் குனினாகா என்பவர் குவானிலேட் என்ற மூன்றாவது பொருளைப் பற்றி எழுதினார். அது உலர்ந்த காளானில் நிறைய உண்டு. குளூட்டமேட்டோடு மற்ற இரண்டில் ஒன்று சேர்ந்தால் ருசி ஒன்றுக்குப் பல மடங்காகிறது.

இதில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. குளூட்டமேட் சோயா சாஸிலும் தக்காளியிலும் உண்டு. குவானிலேட் உலர்ந்த காளானில் உண்டு. ஆகவே மீன் செய்கிற வேலையைச் சோயாவும் காளானும் சேர்ந்து செய்துவிடும். மீதிச் சரக்கு அனைத்தும் நம் கடையிலேயே இருக்கிறது.

நம் கடையில் உள்ள சரக்கு

நெல்லை வீடுகளில் இட்லிக்கும் தயிர்ச்சோற்றுக்கும் வைக்கும் புளிமிளகாயை நினைத்துப் பாருங்கள். புளிப்பு, காரம், சற்றே இனிப்பு, காயத்தின் மணம் எல்லாம் அதில் உண்டு, மீன் இல்லை. வூஸ்டர் சாஸ் அதற்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம்.

சர்க்கரைப் பாகுக்குப் பதிலாகக் கருப்பட்டி மிகப் பொருத்தம். கறுப்பு நிறமும், இலேசான புகை மணமும் அதிலேயே வந்துவிடுகின்றன. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கன்னியாகுமரி மலைக் கிராம்புக்கு 2021-லேயே கிடைத்துவிட்டது. உப்புக்குத் தூத்துக்குடி அருகிலேயே இருக்கிறது. சீனி கலந்த கருப்பட்டி இனிக்கும், ஆனால் அந்த மணம் வராது. ஆகவே தெரிந்த இடத்தில் கொள்முதல் செய்த கருப்பட்டியையே பயன்படுத்த வேண்டும்.

தேவையானவை

கொட்டையும் நாரும் நீக்கிய புளி 100 கிராம், கருப்பட்டி 150 கிராம், வினிகர் 500 மில்லி, சோயா சாஸ் 100 மில்லி, தண்ணீர் 400 மில்லி, பல்லாரி பெரிதாக ஒன்று, பூண்டு 8 பல், உலர்ந்த காளான் 10 கிராம், கல் உப்பு 20 கிராம், வத்தல் 3, கடுகு, மிளகு தலா ஒரு தேக்கரண்டி, கிராம்பு 6, ஏலக்காய் 2, பட்டை, சுக்கு சிறு துண்டு ஒவ்வொன்று, பெருங்காயம் சுண்டைக்காய் அளவு. இந்த அளவுக்குச் சுமார் முக்கால் லிட்டர் சாஸ் கிடைக்கும்.

செய்யும் விதம்

300 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதில் புளியையும் காளானையும் ஒரு மணி நேரம் ஊறவைக்கவும். புளியை நன்றாகக் கரைத்துச் சக்கையை நீக்கவும். காளானைத் தனியே எடுத்துப் பொடியாக அரிந்துகொள்ளவும். மீதி 100 மில்லி தண்ணீரில் கருப்பட்டியைத் தட்டிப்போட்டுச் சூடாக்கிக் கரைத்து, மண்ணும் தூசும் போகத் துணியில் வடிகட்டவும்.

பல்லாரியை மெல்லிதாக அரிந்து, எண்ணெய் விடாமல் வாணலியில் நன்றாகச் சிவந்து கருகலாகும் வரை வதக்கவும். நிறத்துக்கும் ருசிக்கும் இது முக்கியம். பூண்டைத் தட்டிக்கொள்ளவும். மசாலாச் சரக்கை இலேசாக வறுத்து ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளவும்.

இனி எவர்சில்வர் பாத்திரத்தில் புளிக்கரைசல், கருப்பட்டிப் பாகு, காளான், பல்லாரி, பூண்டு, மசாலா, உப்பு, சோயா சாஸ் ஆகியவற்றோடு வினிகரில் பாதியை ஊற்றி, சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்கவிடவும். இறக்கி ஆறியபின் மீதி வினிகரை ஊற்றவும். வினிகர் முழுவதையும் முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவைத்தால் அதன் புளிப்பு ஆவியோடு போய்விடும். அதனால்தான் பாதியைக் கடைசியில் சேர்க்கிறோம்.

பின்னர் கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் ஊற்றி இறுக மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைக்கவும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஜாடியைக் குலுக்கிவிடவும். முதல் நாள் ருசி பார்த்தால் புளிப்பும் காரமும் தனித்தனியாகத் தெரியும். நாள் செல்லச் செல்லத்தான் எல்லாம் ஒன்று சேரும். பிறகு துணியில் பிழிந்து வடிகட்டி, ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய பாட்டில்களில் சூட்டோடு நிரப்பி மூடவும்.

கெடாமல் இருக்க

இந்தச் சாஸைக் காப்பாற்றுவது புளிப்புதான். புளிப்பு மிகுந்த பண்டத்தில் கொடிய நச்சுக்கிருமிகள் வளர்வதில்லை. அதற்கான எல்லை பி.எச். 4.6. நம் சாஸ் 4-க்குக் கீழே இருக்க வேண்டும். சோதனைக்கூடப் பொருள் விற்கும் கடையில் பி.எச். தாள் வாங்கித் தொட்டுப் பார்க்கலாம். காரம் அதிகம், உப்பு அதிகம் என்று வினிகரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவது ஆபத்து. பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்கள் கூடவே கூடாது. புளிப்பு உலோகத்தை அரித்துவிடும். வீட்டில் செய்ததைத் திறந்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. நுரை கட்டினாலோ பூஞ்சை தெரிந்தாலோ கொட்டிவிட வேண்டும்.

லேபிளில் கவனிக்க வேண்டியவை

பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. 2020-ல் வந்த லேபிள் விதிமுறைகள் அதைப் பழுப்பு முக்கோணமாக மாற்றின. நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் வடிவத்தைக் கொண்டு தெரிந்துகொள்ளலாம். வூஸ்டர் சாஸ் இரு வகையிலும் சந்தையில் உண்டு. பாட்டிலின் வடிவமும் பெயரும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ஒவ்வொரு தயாரிப்பையும் குறியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் கலந்து அடுக்காமல் இருப்பது உத்தமம்.

இன்னொரு வேற்றுமையும் தெரிந்திருக்க வேண்டும். பச்சைக் குறி உள்ள பண்டத்தில் பால், நெய், தேன் இருக்கலாம். சட்டப்படி அவை சைவமே. ஆனால் 'வீகன்' என்று கேட்டு வருகிற இளைஞர்களுக்கு அவையும் ஆகாது. வீகன் உணவுக்கு 2022-ல் தனி விதிமுறைகளும் தனிச் சின்னமும் வந்துள்ளன. மேலே சொன்ன செய்முறையில் விலங்கிலிருந்து வந்த பொருள் எதுவும் இல்லை. ஆனாலும் உரிய ஒப்புதல் பெறாமல் அந்தச் சின்னத்தை நாமாக அச்சிட்டு ஒட்டக் கூடாது.

விற்பனைக்குச் செய்வோர் கவனத்துக்கு

வீட்டில் செய்து ருசித்தபின், கடையில் வைத்து விற்கலாமே என்று தோன்றும். தவறில்லை. ஆனால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற்றபின்பே விற்க வேண்டும். லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள் அளவின் இறங்கு வரிசையில், நிகர அளவு, தயாரிப்பாளர் பெயர் முகவரி, பேட்ச் எண், தயாரித்த நாள், காலாவதி நாள், உரிம எண், அதிகபட்ச சில்லறை விலை, சைவக் குறி ஆகியவற்றோடு சத்து விவரமும் வேண்டும். சோயாவும், பெரும்பாலான சோயா சாஸில் சேரும் கோதுமையும் சிலருக்கு ஒவ்வாமை தரும். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு இருக்கலாம். இவற்றைத் தனியே குறிப்பிடுவது கட்டாயம்.

தவறான லேபிளுடன் விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. தயாரித்தவர் யார், வாங்கியது யாரிடம் என்று காட்ட முடியாத சரக்கை விற்றால் பொறுப்பு விற்றவர் தலையிலேயே விழும். ஆகவே தெரிந்தவர் வீட்டில் செய்தது என்று லேபிள் இல்லாத பாட்டில்களை வாங்கி வைப்பதைத் தவிர்க்க வேண்டும்; எதை வாங்கினாலும் பில் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். வரியைப் பொறுத்தவரை, சாஸ் வகைகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

தயாரிப்பில் இறங்க விருப்பமில்லாதவர்களுக்கும் இதில் வியாபாரம் உண்டு. புளி, கருப்பட்டி, மசாலாச் சரக்கு, வினிகர், சோயா சாஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, செய்முறையை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் ஒரு பாட்டில் விற்கும் இடத்தில் பத்துச் சரக்கு விற்கும். ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ், காலிஃபிளவர் வறுவல், தக்காளி சூப் ஆகியவற்றில் ஒரு தேக்கரண்டி ஊற்றினால் போதும் என்பதையும் எழுதிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. சைவமா என்று கேட்கிற வாடிக்கையாளர் பாட்டிலை நம்பிக் கேட்கவில்லை, நம்மை நம்பிக் கேட்கிறார். தெரிந்தால் தெரிந்ததைச் சொல்வோம். தெரியாவிட்டால், "ஒரு நிமிஷம், பார்த்துச் சொல்லுதேன்" என்று லேபிளைத் திருப்பி வாசிப்போம். அந்த ஒரு நிமிடத்தால் வியாபாரம் குறைந்துவிடாது. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்ததால்தான் எனக்கு ஒரு வீட்டு வியாபாரம் போனது.