கேதரைன் எட்டோஸ் தம்மைக் கொன்றவனைச் சந்தித்தது எங்ஙனம்?

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை பின்னிரவு 1 மணிக்கு, லண்டன் மாநகரின் பிஷப்ஸ்கேட் காவல் நிலையத்திலிருந்து நடுத்தர வயதுடைய மாது ஒருவர் வெளியேறினார். 1 மணி 44 நிமிடத்துக்கு, அங்கிருந்து எட்டு நிமிட நடைத் தொலைவிலுள்ள மைட்டர் சதுக்கத்தின் இருண்ட மூலையில் அவர் கொலையுண்டு கிடப்பதை ரோந்து சுற்றிவந்த காவலர் கண்டார். இடைப்பட்ட நேரத்தில் அவர் தம்மைக் கொன்றவனை எங்கே, எவ்வாறு எதிர்ப்பட்டார்?

"ஜாக் தி ரிப்பர்" என்று உலகம் பெயரிட்டு வழங்கும் அக்கொலைஞன் யாவன் என்பதுபற்றி ஒரு நூலகத்தையே நிரப்பும் அளவுக்கு எழுதியிருக்கிறார்கள். ஆனால் மேற்கண்ட வினாவைப் பெரும்பாலோர் ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். அம்மாது தெருவில் ஆள் தேடி நின்றார், அவன் வந்தான், அவ்வளவே. அந்த வரி எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்பதை ஆராய்ந்து பார்த்தல் தகும். ஏனெனில் இறந்தவர் எழுந்து வந்து மறுக்க இயலாது.

கேதரைன் எட்டோஸ் 1842-இல் உல்வர்ஹாம்ப்டன் நகரில், தகரத் தொழிலாளர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே லண்டனுக்கு வந்தார். முதலில் தாமஸ் கான்வே என்பவருடன் வாழ்ந்து மக்களைப் பெற்றார். கான்வேயின் பெயரின் முதலெழுத்துகளைத் தம் கையில் பச்சை குத்தியிருந்தார். பிறகு ஏழாண்டுக் காலம் ஜான் கெல்லி என்னும் கூலித் தொழிலாளருடன், பிளவர் அண்ட் டீன் தெருவிலுள்ள கூலி விடுதியில் வாழ்ந்தார். அவ்விடுதியில் அன்றன்று காசு கொடுத்தால் அன்றன்று படுக்கை. தனிப் படுக்கை 4 பென்ஸ், இருவர் படுக்கை 8 பென்ஸ். அவ்வாண்டு இருவரும் கெண்ட் மாநிலத்துக்கு ஹாப் பறிக்கச் சென்றார்கள். பீர் மதுவுக்குக் கசப்பூட்டும் ஒரு கொடியின் பூவே ஹாப் எனப்படுவது. லண்டன் ஏழைகள் பலருக்கு ஆண்டில் சில வாரங்கள் கிடைத்த பறிப்பு வேலை அது. இவர்களுக்கு அதில் ஒன்றும் மிச்சமாகவில்லை. கால்நடையாகத் திரும்பி வந்து, கெல்லியின் காலணியை 2 ஷில்லிங் 6 பென்சுக்கு அடகு வைத்து, தேயிலையும் சர்க்கரையும் உணவும் வாங்கினார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் 2 மணியளவில் ஹவுண்ட்ஸ்டிச் தெருவில் இருவரும் பிரிந்தனர். பெர்மண்ட்சியில் இருக்கும் மகளிடம் சென்று கொஞ்சம் பணம் கேட்டு வருவதாகவும், 4 மணிக்குள் திரும்பிவிடுவதாகவும் எட்டோஸ் சொல்லிச் சென்றார். மகளோ, தாய் அடிக்கடி பணம் கேட்டு வருவார் என்று அஞ்சி, முகவரி சொல்லாமலே வேறிடம் போயிருந்தார். இரண்டாண்டுகளுக்கு மேலாகத் தாயைக் கண்டதில்லை என்று பின்னர் மரண விசாரணையில் கூறினார். ஆகவே அங்கே பணம் கிடைத்திருக்க வழியில்லை. எனினும் இரவு 8 மணி 30 நிமிடத்துக்கு, ஆல்ட்கேட் பெருந்தெருவில் நிற்கவும் இயலாத போதையில் எட்டோஸ் கிடந்தார். கையில் காசில்லாதவருக்கு மது வாங்கிக் கொடுத்தவர் யார் என்பதை விசாரணை வெளிக்கொணரவில்லை. இந்த ஆறரை மணி நேரம் வெறும் இருள்.

காவலர்கள் இருவர் அவரைப் பிஷப்ஸ்கேட் நிலையத்துக்குக் கொண்டுவந்தனர். பெயர் என்ன என்று கேட்டபோது "ஒன்றுமில்லை" என்றார். நள்ளிரவுக்குப் பின் அவர் விழித்துத் தமக்குள் பாடிக்கொண்டிருந்ததை அறைக் காவலர் ஜார்ஜ் ஹட் கேட்டார். போதை தெளிந்தவரை அந்த நேரத்திலேயே வெளியே விடுவது நகரக் காவல் படையின் வழக்கம். விடுதலையாகும்போது வேறொரு பெயரும் முகவரியும் கொடுத்தார். மணி என்ன என்று கேட்டார். ஒன்றாகப் போகிறது, இனிக் குடிக்க ஒன்றும் கிடைக்காது என்றார் ஹட். வீட்டுக்குப் போனால் நல்ல உதை காத்திருக்கிறது என்று சொல்லி, காவலருக்கு வேடிக்கையாக ஒரு வணக்கமும் கூறி, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

இங்கேதான் ஆராய்ச்சியாளரைத் திகைக்கவைக்கும் செய்தி வருகிறது. வாயிலில் அவர் இடப்பக்கம், அதாவது ஹவுண்ட்ஸ்டிச் நோக்கித் திரும்பினார். விடுதியோ எதிர்த் திசையில் இருந்தது. உதை விழும் என்று சொன்னவர் ஏன் வீட்டுக்குப் போகவில்லை?

படுக்கைக் காசு இல்லை, அதைத் தேடிப் போனார் என்பது வழக்கமான விடை. இவ்விடை வலுவற்றது. தெரிந்தவர்களுக்குக் கடன் சொல்லிப் படுக்கை தருவது வழக்கமே என்று விடுதி மேலாளர் வில்கின்சன் விசாரணையில் கூறினார். எட்டோஸ் பெரும்பாலும் இரவு 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையே விடுதிக்குத் திரும்பிவிடுவார் என்றும், கெல்லியைத் தவிர வேறு ஆடவருடன் அவருக்குத் தொடர்பிருந்ததாகத் தாம் கேட்டதில்லை என்றும் அவர் சான்று பகர்ந்தார். இழிதொழிலுக்கு அவர் போனதில்லை என்றார் கெல்லி. கெல்லி தம்மைக் காத்துக்கொள்ளவும் அப்படிச் சொல்லியிருக்கலாம். மேலாளரும் தம் விடுதிக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று எண்ணியிருக்கலாம். ஆனால் அவர்கள் கூற்றை ஐயுறுவது ஒன்று, அதற்கு மாறானதை நிறுவுவது முற்றிலும் வேறு. இம்மகளிர் பலரைப் பரத்தையர் என்பதற்குச் சான்றில்லை என்று ஹாலி ரூபன்ஹோல்ட் 2019-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டிருக்கிறார். எட்டோஸ் அளவில் அவ்வாதம் பெரிதும் பொருந்துகிறது.

மற்றொரு கதையும் உண்டு. கொலைஞனைத் தமக்குத் தெரியும் என்று எட்டோஸ் ஏழையர் தங்குமிடக் கண்காணிப்பாளரிடம் சொன்னார் என்பது அது. அப்படியானால் அவர் தெரிந்தே அவனிடம் போனார் என்றாகும். இச்செய்தி அவர் இறந்த பின்னரே பத்திரிகையில் வந்தது. விசாரணையில் எவரும் இதைச் சத்தியம் செய்து கூறவில்லை. பரபரப்பான கொலை எதிலும் இறந்தவர் வாயில் இத்தகைய பேச்சைப் பிறர் வைப்பது வழக்கமாதலால், இதற்கு அதிக மதிப்புத் தரவேண்டியதில்லை.

இனி, காட்சிச் சான்றுக்கு வருவோம். டியூக் தெருவிலிருந்த இம்பீரியல் கிளப்பிலிருந்து லவெண்ட், லெவி, ஹாரிஸ் என்னும் மூவர் 1 மணி 35 நிமிட அளவில் வெளியே வந்தனர். மழைக்காக ஒதுங்கியிருந்ததால் அவர்களுக்குத் தாமதமாயிற்று. மைட்டர் சதுக்கத்துக்குச் செல்லும் சர்ச் சந்தின் வாயிலில் ஓர் ஆடவனும் ஒரு பெண்ணும் நின்று பேசிக்கொண்டிருந்தனர். பெண்ணின் முகத்தை லவெண்ட் பார்க்கவில்லை. அவள் கை அவன் மார்பின்மேல் இருந்தது. பிறகு காவல் நிலையத்தில் காட்டப்பட்ட எட்டோசின் உடைகள் அப்பெண் அணிந்திருந்தவை போன்றனவே என்று அவர் கூறினார். ஆடவனுக்கு இளநிற மீசை, தலையில் முன்விளிம்பு வைத்த தொப்பி. பார்த்தால் கப்பலில் வேலை செய்பவன் போன்ற தோற்றம். மறுபடி கண்டால் அடையாளம் தெரியுமா என்பது லவெண்டுக்கே ஐயம்.

உடையைக் கண்டு ஆளைத் துணிவது மலையில் புகை கண்டு தீ உண்டெனக் கருதுவது போன்றது. பனிமூட்டமும் தொலைவிலிருந்து புகையாகத் தோன்றும் என்று அளவை நூலார் எச்சரிப்பதை இங்கே மறத்தலாகாது. கறுப்பு மேற்சட்டை அணிந்த ஏழை மாதர் அப்பகுதியில் பலர். ஆயினும் நேரமும் இடமும் இத்துணை நெருங்கி வருவதால், அப்பெண் எட்டோசே என்று கொள்வது நியாயமாகும். 1 மணி 30 நிமிடத்துக்குக் காவலர் வாட்கின்ஸ் சதுக்கத்தைச் சுற்றி வந்தபோது அங்கே எவருமில்லை. 1 மணி 40-ஐ ஒட்டிக் காவலர் ஹார்வி சர்ச் சந்தின் முனைவரை வந்து பார்த்துத் திரும்பினார்; அவர் கண்ணிலும் ஒன்றும் படவில்லை. 1 மணி 44-க்கு வாட்கின்ஸ் மீண்டும் வந்தார். எட்டோஸ் உறங்கும்போது கொல்லப்பட்டார் என்னும் கொள்கை, லவெண்டின் சாட்சியத்தை ஏற்பவரிடம் நிற்காது.

அப்படியானால், நடைக்கு எட்டு நிமிடம் போக, 1 மணி 8-லிருந்து 1 மணி 35 வரை ஏறத்தாழ 27 நிமிடம் எஞ்சுகிறது. நேரே ஒருவனிடம் போகும் நோக்கமிருந்தால் இத்தனை நேரம் செல்லாது. ஹவுண்ட்ஸ்டிச் தெரு, அவர் மாலையில் விழுந்து கிடந்த ஆல்ட்கேட்டில் போய் முடிகிறது. மாலையில் மது வாங்கித் தந்தவரைத் தேடி அங்கே மீண்டிருக்கலாம். அல்லது, அடகில் கிடக்கும் காலணிக்குரியவரிடம், பணம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடும் குடித்த வாயோடும் போக மனம் கூசியிருக்கலாம். பின்னதே மனித இயல்புக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது.

அவனோ கிழக்கிலிருந்து வந்திருக்க வேண்டும். அதே இரவு 1 மணியளவில், ஏறத்தாழ முக்கால் மைல் கிழக்கே பெர்னர் தெருவில் எலிசபெத் ஸ்டிரைட் என்னும் மாது கொலையுண்டு கிடந்தார். அதுவும் அவன் கைவேலைதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவனே என்றால், 1 மணி 15 நிமிடத்துக்குள் ஆல்ட்கேட் வந்துவிடலாம். எட்டோசின் ஏப்ரனிலிருந்து வெட்டிய துண்டு 2 மணி 55 நிமிடத்துக்குக் கோல்ஸ்டன் தெருவில், அதாவது மறுபடியும் கிழக்கே, கண்டெடுக்கப்பட்டது. ஆகவே கிழக்கே குடியிருந்தவன் மேற்கே வந்து மீண்டான் எனக் கொள்ள இடமுண்டு.

இவ்வாறு நோக்கினால், ஆல்ட்கேட்டுக்கும் டியூக் தெருவுக்கும் இடைப்பட்ட சில நூறு கஜத்துக்குள், மழை தூறிய அந்த அரைமணியில், அவனே முதலில் பேச்சுக் கொடுத்திருக்க வேண்டும் என்பது பொருத்தமான முடிவு. வேட்டைக்கு வந்தவன் அவன். மார்பின்மேல் வைத்த கை இரந்ததா, இசைந்ததா, விலக்கியதா என்பதை லவெண்ட் சொல்லவில்லை. அதை இசைவு என்றே படித்தவர்கள் பின்வந்த எழுத்தாளர்கள்தாம்.

கெல்லி அன்றிரவு, எட்டோஸ் பிஷப்ஸ்கேட்டில் அடைபட்டிருப்பதாகக் கேள்விப்பட்டார். ஞாயிறு காலையில் வந்துவிடுவார் என்று எண்ணித் தேடிப் போகவில்லை. 4 பென்ஸ் கொடுத்துத் தனிப் படுக்கை எடுத்தார். இறந்தவரிடம் அடகுச் சீட்டுகள் இருந்தன என்னும் செய்தியைப் பத்திரிகையில் கண்டு அவர் காவல் நிலையத்துக்குச் சென்றது அக்டோபர் 2-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை.