மலைநாட்டாரும் கடலலையும்

கொட்டகலை மலைச்சரிவுகளில் விழும் மழைநீர் கொத்மலை ஓயாவிற் சேர்ந்து, மகாவலி கங்கையிற் கலந்து, நெடுந்தூரம் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது. நீர் நாள்தோறும் சென்று சேரும் அக்கடலை அம்மலையில் வாழும் மக்கள் காண்பதோ ஆண்டில் ஒரு முறை. பலர் வாழ்நாளிற் சில முறையே கண்டிருப்பர். ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், தேயிலைத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தோருக்குக் கடல் என்பது பாடசாலைச் சுற்றுலாவிலோ கோயில் யாத்திரையிலோ கிட்டும் ஒரு நாட் காட்சியாகும். இவர்களுடைய முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழி நடந்து மலையேறியவர்கள். கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கே இன்று கடல் புதிதாய் இருக்கின்றது.

எனினும் காலம் மாறி வருகின்றது. தோட்டத்து இளைஞர் பலர் கொழும்பிலும் கரையோர விடுதிகளிலும் தொழில் செய்கின்றனர். அங்கே வெளிநாட்டார் நீண்ட பலகையின்மீது நின்று அலையோடு அலையாக வழுக்கி வருவதைக் கண்டு, தாமும் அவ்வாறு செய்யவேண்டுமென்று விரும்புகின்றனர். விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் தம்பி தங்கையரிடம் அதனைக் கூறுகின்றனர். எந்தக் கரைக்குப் போவது, என்ன உடை உடுப்பது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்கு எல்லோர்க்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. கேட்பவருக்கு நீந்தத் தெரியுமா, தெரியுமாயின் எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தே விடை அமையும். தம் திறமையை உள்ளவாறு அளந்து பார்ப்பதே இக்கலையின் முதற்பாடம்.

கடலில் இறங்கி விளையாடுதல் தமிழருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்குக் கடலாடு காதை என்றே பெயர். சென்னையிலே துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர், கப்பலிலிருந்து ஆட்களையும் பொருள்களையும் கரைசேர்த்தவர்கள் மசூலாப் படகோட்டிகளும் கட்டுமரக்காரர்களுமே. அலைகள் கூட்டங் கூட்டமாக வருவதையும், ஒரு கூட்டத்திற்கும் அடுத்த கூட்டத்திற்கும் இடையே சிறிது அமைதி நிலவுவதையும் அவர்கள் நன்கறிந்திருந்தனர். பலகைமேல் நின்று அலைச்சறுக்கல் செய்யும் கலை பசிபிக் தீவுகளில், சிறப்பாக ஹவாயில் வளர்ந்தது. 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்ற ஹவாய்த் தீவினரான டியூக் கஹானமோக்கு அதனை உலகெங்கும் பரப்பினார். தோக்கியோவில் 2021ஆம் ஆண்டில் நடந்த ஒலிம்பிக்கில் அது முதன்முறையாகப் போட்டி விளையாட்டாயிற்று. அக்கலையைப் பரப்பியவர் முதலில் நீச்சல் வீரர் என்பது மலைநாட்டு இளைஞர் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி.

கரையைத் தெரிவு செய்வதற்கு முன்னர் காலத்தைத் தெரிவு செய்யவேண்டும். இலங்கையில் இரு பருவக்காற்றுகள் வீசுகின்றன. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது காலி, மாத்தறைப் பகுதிக் கடல் கொந்தளிக்கும். அதே காலத்திற் கிழக்குக் கரையிலோ காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், வரும் அலைகள் ஒழுங்காக எழுந்து நிற்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று வீசும்போது இந்நிலை தலைகீழாகும். ஆகவே அலைச்சறுக்கலுக்குக் கிழக்குக் கரையின் பருவம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. தென்மேற்குக் கரையின் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. தைப்பொங்கல் விடுமுறைக்கு அறுகம் குடாவையும், ஆகஸ்ட் விடுமுறைக்கு வெலிகமையையும் நாடுவோர் காலம் மாறிக் கரை சேர்ந்தவராவர்.

காலத்தின் பின் கவனிக்கவேண்டியது கடலின் அடித்தளம். அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்தை அடைந்ததும் அலை முறிந்து நுரையாகின்றது. அவ்விடத்தில் அடித்தளம் மணலாயின் விழுபவர் மணலில் விழுவார். முருகைக்கல்லாயின் தோல் கிழியும். கடலுள் நீண்டு செல்லும் முனையாயின் அலை அம்முனையைச் சுற்றி வளைந்து ஒழுங்காக நெடுந்தூரம் ஓடும். தேர்ந்தவர்கள் விரும்புவது அதனையே. மேலிருந்து பார்க்கும்போது இம்மூன்று கடலும் ஒன்றுபோலவே தோன்றும். அதனாலேயே உள்ளூர் மீனவரையோ பயிற்சியாளரையோ கேளாமல் இறங்குதல் தகாது. ஆழமறியாமற் காலை விடுதல் பற்றி நம் முன்னோர் கூறிய எச்சரிக்கை, கடலைப் பொறுத்தவரை அடியறியாமல் இறங்குவதற்கும் பொருந்தும்.

இனித் திறமையின் படிகளைக் காண்போம். முதற்படியில் நிற்பவர் நீந்தத் தெரியாதவர். மலைநாட்டிற் பெரும்பாலோர் இப்படியில் இருப்பது குறையன்று. கற்க இடமின்மையே காரணம். ஓயாக்களும் நீர்த்தேக்கங்களும் அருகில் இருந்தபோதிலும் அவை நீச்சல் பழக ஏற்றவையல்ல. ஆற்றில் வழுக்குப் பாறையும் சுழியும் உண்டு. 2012ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய தலவாக்கலை மேல் கொத்மலை அணை போன்றவற்றின் வான்கதவுகள் திறக்கப்படும்போது கீழே நீர் திடீரென உயரும். ஆதலின் பயிற்சியாளரின் மேற்பார்வையுள்ள நீச்சற் குளத்திலே கற்பதே முறை. காலூன்ற முடியாத நீரிற் பத்து நிமிடம் மிதக்கவும், 200 மீற்றர் தூரம் நில்லாமல் நீந்தவும் வல்லவரானால் அடுத்த படிக்கு ஏறலாம். அதுவரை கடலில் முழங்காலளவு நீரே எல்லை, பலகை வேண்டா.

இரண்டாம் படியில் இருப்பவர் நீச்சல் அறிந்து, பலகை அறியாதவர். இவருக்கு ஏற்றது மணல் அடித்தளமுள்ள, அகன்ற, அமைதியான குடா. தென்கரையில் வெலிகமைக் குடா இதற்குச் சிறந்த இடமாகும். கொழும்பு–மாத்தறைப் புகையிரதப் பாதையிலுள்ள அவ்வூரின் கரையோரத்திற் பயிற்சி நிலையங்கள் பல உண்டு. கிழக்கே பொத்துவிலுக்கு அண்மையிலுள்ள அறுகம் குடாவில் ‘பேபி பொயின்ட்’ எனப்படும் உட்பகுதியும், அதற்கு வடக்கேயுள்ள ‘விஸ்கி பொயின்ட்’ என்னும் இடமும் தொடங்குவோருக்குரியவை. 8 அல்லது 9 அடி நீளமுள்ள, மேற்புறம் மெத்தென்ற பஞ்சுப் பலகையே இவர்களுக்குத் தகும். நீண்ட பலகை எளிதில் மிதக்கும். தலையில் இடித்தாலும் காயம் குறைவு. இடுப்பளவு நீரில், ஏற்கெனவே முறிந்து நுரையாக வரும் சிற்றலையிலேயே முதல் நாட்களைக் கழிக்கவேண்டும். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு செங்குத்தான மலையில் ஏறி இறங்கிய கால்களுக்குச் சமநிலை விரைவில் வாய்க்கலாம். ஆனால் கடலில் நின்றோடும் நேரம் சில நொடிகளே; எஞ்சிய நேரமெல்லாம் கைகளால் நீரை வலித்துச் செல்வதிலேயே கழியும். கால் வலியவர் தோள் வலியையும் பெறவேண்டும்.

மூன்றாம் படியில் இருப்பவர் முறியாத அலையைத் தாமே தெரிந்து பிடித்து, பக்கவாட்டில் திரும்பவும் வல்லவர். இவருக்குத் தென்கரையில் மிதிகமவிலுள்ள மெதுவான அலைகளும், கிழக்கில் அறுகம் குடாவுக்குத் தெற்கேயுள்ள ‘பீநட் பார்ம்’, ஒகந்தை ஆகிய இடங்களும் பொருந்தும். ஒகந்தை என்பது கதிர்காமப் பாதயாத்திரிகர் தங்கிச் செல்லும் உகந்தை முருகன் கோயிலை அடுத்த கடலே. இப்படியில் உள்ளோர் கடல் ஒழுக்கத்தையும் கற்றாக வேண்டும். ஓர் அலை ஒருவருக்கே உரியது. அலை முறியும் முகட்டுக்கு மிக அருகில் இருப்பவருக்கே அவ்வுரிமை. குறுக்கே புகுபவர் தமக்கும் பிறர்க்கும் காயம் விளைவிப்பார்.

நான்காம் படி தேர்ந்தவர்களுக்கு உரியது. அறுகம் குடாவின் பெருமுனை அலை பெரிதாய் எழும் நாட்களும், மிதிகமவில் ஆழமற்ற முருகைக்கல்மீது முறியும் ‘ராம்ஸ் ரைட்’ என்னும் அலையும் அத்தகையோருக்கே தக்கவை. 2019ஆம் ஆண்டில் அறுகம் குடாவில் உலக அலைச்சறுக்கு லீக்கின் போட்டி நடைபெற்றது. அங்கே வீரர்கள் காட்டும் எளிமையைக் கண்டு அக்கடலும் எளியதென எண்ணுதல் பெரும்பிழை.

எப்படியில் நிற்பவரும் அறியவேண்டியது இழுவை நீரோட்டம். கரைமேல் ஏறிய அலைநீர் ஓரிடத்தில் ஒடுங்கிக் கடலை நோக்கித் திரும்பி ஓடுவதே அது. சில வேளைகளில் நொடிக்கு 2 மீற்றருக்கு மேற்பட்ட வேகமும் கொள்ளும். ஒலிம்பிக் வீரரும் அதனை எதிர்த்து நீந்த இயலாது. இரு புறமும் அலைகள் வெண்மையாக முறிய, நடுவே கருத்து அமைதியாகத் தோன்றும் நீர்ப்பகுதியே பெரும்பாலும் அதன் அடையாளம். மலையிலிருந்து வருவோர் அலையில்லாத அவ்விடமே பாதுகாப்பானதென்று கருதி அங்கே இறங்கிவிடுகின்றனர். அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடலாகாது. பதறாமல் மிதந்து, கையுயர்த்தி உதவி கேட்டு, இயன்றால் கரைக்கு இணையாக நீந்தி நீரோட்டத்தை விட்டு விலகியபின் கரை சேரவேண்டும். அவரைக் காப்பாற்ற நீந்தத் தெரியாத அண்ணனோ நண்பனோ பாய்ந்தால் இழப்பு இரண்டாகும். மிதக்கும் பொருளொன்றை வீசுவதே அறிவு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகில் நீரில் மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். சிவப்பு மஞ்சட் கொடிகள் இரண்டுக்கு இடைப்பட்ட இடமே உயிர்காப்பாளர் கண்காணிக்கும் இடம். செங்கொடி மட்டும் பறந்தால் நீரில் இறங்கலாகாது.

அடுத்து உடை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் உடை உண்டென்பது தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தேயிலைச் செடியின் கீறலுக்கும் பனிநீருக்கும் தப்ப இடுப்பிற் படங்கு கட்டிக்கொண்டே மலைக்குச் செல்கின்றனர். கடலுக்கும் அவ்வாறே. பருத்திச் சேலையும், சாரமும், முரட்டுத் துணிக் காற்சட்டையும் நீரைக் குடித்துக் கனத்துவிடும், காலைச் சுற்றிக்கொள்ளும். கரையிற் கண்ணியமாய் விளங்கும் அவை நீரில் உடுத்தவரையே கீழே இழுக்கும். நைலோன், பொலியெஸ்டர் போன்ற இழைகளால் நெய்து உடலோடு ஒட்டி நிற்கும் உடை நீரைத் தேக்காது, விரைவில் உலரும்.

நீச்சற் குளத்திற் கற்பவருக்குச் சாதாரண நீச்சலுடையே போதும். பலகையிற் படுத்துப் பழகுவோருக்கு மார்பும் வயிறும் உராய்ந்து புண்ணாகுமாதலின், நீண்ட கையுள்ள இறுக்கமான மேற்சட்டை தேவை. அதுவே வெயிலையும் தடுக்கும். மூடுபனிக்குப் பழகிய தோல் கரையோர வெயிலில் ஒரே நாளிற் கன்றிவிடும். ஆண்களுக்கு முழங்காலளவான, உலோகக் கொக்கியற்ற, நாடாவால் இறுக்கும் காற்சட்டை ஏற்றது. முருகைக்கல் உள்ள கடலுக்குச் செல்லும் தேர்ந்தவர் மெல்லிய இறப்பர்க் காலணியும் அணிவது நன்று. குளிர்நாட்டார் அணியும் தடித்த இறப்பர் உடை இலங்கைக்கு வேண்டியதில்லை. இங்குக் கடல்நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே உள்ளது. நீல நிறமும் வெண்ணிறமும் நீரிலும் நுரையிலும் மறைந்துபோகும். செம்மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறமே தேடுவார் கண்ணுக்குத் தெரியும். கழுத்துச் சங்கிலி, வளையல், மோதிரம் ஆகியவற்றைக் கரையிலேயே நம்பிக்கையானவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

பெண்கள் கடலில் இறங்கத் தயங்குவதற்கு உடையே பெருங்காரணம். உடலைக் காட்டும் நீச்சலுடையை அவர்கள் நாணுகின்றனர். நாணத்தைக் காக்கும் சேலையும் பஞ்சாபியும் நீரில் ஆபத்தாகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே வழியுண்டு. நீண்ட கை மேற்சட்டையும் கணுக்கால்வரை நீண்ட ஒட்டுக் காற்சட்டையும் இணைந்த உடை இன்று பரவலாகக் கிடைக்கின்றது. 2004ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலியாவில் உருவான ‘புர்கினி’ தலையையும் மூடும். அறுகம் குடாவில் 2018ஆம் ஆண்டு பெண்களுக்கென அலைச்சறுக்கற் சங்கம் ஒன்று தோன்றியது. கரையோரக் கிராமத்துத் தாய்மாரும் மகள்மாரும் அலைமேல் நிற்க முடியுமாயின், மலைநாட்டுப் பெண்களுக்கும் அது கைகூடாததன்று.

ஆகவே கடலுக்குப் புறப்படும் குடும்பம் பயணப் பையைக் கட்டுமுன் நான்கு வினாக்களுக்கு விடை காணவேண்டும். இது எந்தப் பருவம்? அக்கரையின் அடித்தளம் என்ன? உடன் வருவோரில் எவர் எவருக்கு நீந்தத் தெரியும்? அவர் அணிவது நீருக்குரிய உடையா? நான்குக்கும் நல்ல விடை கிடைத்த நாளிற் சென்றவர் மகிழ்ந்து திரும்புவர். கிடையாத நாளிலும் கடல் கடலாகவே இருக்கும். கரையில் நின்று அதனைக் கண்டு, மாலையில் எல்லோரும் ஒன்றாக மலையேறி வரலாம்.