அழித்த மலையே அன்னம் இடுகிறது!

காலையில் எரிமலை மேல் நடை. மத்தியானம் அதே எரிமலையின் மடியில் சாப்பாடு. மாலையில் இறங்கி வந்து பஸ் பிடித்து ஊர் திரும்பலாம்!

கேட்டால் கதை போல இருக்கும். ஆனால், இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவில் இது சாதாரணமாக நடக்கும் காரியம்.

அங்கே நிற்கிறது எட்னா எரிமலை. உயரம் சுமார் 3,400 மீட்டர். அடிக்கடி வெடித்துக் குமுறும் இந்த மலையை 2013-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இதற்கு 'மோன்ஜிபெல்லோ' என்றும் ஒரு பெயர் உண்டு. மலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லையும் அரபுச் சொல்லையும் சேர்த்து உண்டான பெயர். அதாவது, 'மலைமலை'! உள்ளூர்க்காரர்கள் அவ்வளவு நீட்டுவதில்லை. 'மலை' என்றே சொல்லுகிறார்கள். அதையும் பெண்ணாகப் பாவித்து 'அவள்' என்றே பேசுகிறார்கள்.

காலடியில் சாம்பல்

மலையடிவாரத்தில் கடலோரமாக இருக்கிறது கட்டானியா நகரம். சுமார் 3 லட்சம் பேர் வசிக்கிறார்கள். அங்கிருந்து காலையில் புறப்படும் பஸ், நிகோலோசி ஊரைக் கடந்து வளைந்து வளைந்து ஏறுகிறது. தோட்டங்கள் மறைந்து, இரு பக்கமும் கரும்பாறை சூழ்ந்துகொள்கிறது. 1,910 மீட்டர் உயரத்தில் சபியென்சா விடுதி முன் பஸ் நிற்கிறது.

பக்கத்திலேயே சில்வெஸ்ட்ரி பள்ளங்கள். 1892-ல் நெருப்பைக் கக்கிய வாய்கள் இவை. இன்று ஆறிக் கிடக்கின்றன.

இங்கிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரம் வரை ரோப் கார் போகிறது. 2001, 2002 ஆண்டுகளில் எரிமலை வெடித்தபோது இந்த ரோப் கார் பாதை பெரும் சேதமடைந்தது. மறுபடி கட்டினார்கள்.

அதற்கு மேல் நடந்து போகலாம். சாம்பல் மணலில் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். கோடையிலும் குளிர்காற்று அடிக்கும். கம்பளிச் சட்டையும் கனத்த பூட்சும் இல்லாமல் முடியாது. உச்சியை நெருங்க நெருங்கக் கந்தக நெடி மூக்கைத் துளைக்கும்.

விளையாட்டு அல்ல!

1979 செப்டம்பரில் உச்சிப் பள்ளம் ஒன்று திடீரென்று வெடித்தது. அருகில் இருந்த உல்லாசப் பயணிகளில் 9 பேர் மாண்டார்கள்.

2025 ஜூன் 2-ந் தேதி தென்கிழக்குப் பள்ளத்தின் ஒரு பகுதி சரிந்தது. சூடான சாம்பல் மேகம் பெருகி உருண்டு வந்தது. மலையில் நடந்துகொண்டிருந்தவர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

கட்டானியாவில் உள்ள ஆய்வுக்கூடம் இரவும் பகலும் மலையைக் கண்காணிக்கிறது. மலையின் நிலையைப் பொறுத்து, எதுவரை போகலாம் என்ற எல்லை மாறும். உச்சிப் பகுதிக்குப் போக வழிகாட்டி வேண்டும். அவர் "திரும்பு" என்றால் திரும்பிவிட வேண்டும். கொடுத்த பணத்தை நினைத்து வாதாடக் கூடாது.

கத்தரிக்காயும் அரிசியும்

இறங்கி வந்தால் பசி வயிற்றைக் கிள்ளும். மலைச்சரிவில் உள்ள ஊர்களில் சாப்பாடு காத்திருக்கிறது.

கட்டானியாவின் பெயர்பெற்ற பண்டம் 'நோர்மா பாஸ்தா'. தக்காளிக் குழம்பில் பாஸ்தாவைப் புரட்டி, பொரித்த கத்தரிக்காயைப் போட்டு, உப்பிட்ட பாலாடைக்கட்டியைத் துருவித் தூவுகிறார்கள். 1801-ல் இந்த நகரில் பிறந்த இசைமேதை பெல்லினியின் 'நோர்மா' இசை நாடகத்தின் பெயர் இது.

அடுத்தது 'அரன்சினோ'. சோற்றை உருட்டி, உள்ளே மசாலா அடைத்து, எண்ணெயில் பொரித்தது. கட்டானியாவில் இதை எட்னா மலை போலவே கூம்பாகப் பிடிக்கிறார்கள்! பெரும்பாலும் உள்ளே இறைச்சி இருக்கும். சைவர்கள் கத்தரிக்காய் அடைத்ததைக் கேட்டு வாங்கலாம்.

அரிசியும் கத்தரிக்காயும் ஆசியாவில் இருந்து அரபியர் மூலம் சிசிலிக்குப் போய்ச் சேர்ந்தவை.

நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிப் பழமும் அங்கே தட்டில் வருகிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'இந்திய அத்திப்பழம்'. உண்மையில் அது மெக்சிகோவில் இருந்து வந்த செடி. அமெரிக்காவை இந்தியா என்று எண்ணிய காலத்துப் பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

முடிவில் 'கிரானிட்டா' என்னும் பனிக்கூழ். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில், எட்னாவின் பனியைக் குழிகளில் சேமித்து வைத்துக் கோடையில் விற்றார்கள். நெருப்பு மலையே பனிக்கட்டியும் கொடுத்தது!

பாறை மண்ணாகிறது

ஆறிய எரிமலைக் குழம்பில் முதலில் பாசி போன்ற லைக்கன்கள் படிகின்றன. பிறகு மஞ்சள் பூப் பூக்கும் புதர்கள் வேரூன்றிப் பாறையைப் பிளக்கின்றன. நல்ல மண்ணாக நூற்றாண்டுகள் ஆகும். பேரன் காலத்தில்கூட அல்ல, அவனுக்கும் பல தலைமுறைக்குப் பின்தான் உழவு!

ஆனால் காற்றில் வந்து விழும் மெல்லிய சாம்பல், உள்ள மண்ணுக்கு உரமாகிவிடுகிறது. மேற்குச் சரிவில் புரோன்டே ஊரில் கரும்பாறை இடுக்குகளில் பிஸ்தா மரங்கள் நிற்கின்றன. ஆண்டு விட்டு ஆண்டுதான் அறுவடை. பெரும்பாலும் கையால்தான் பறிக்கிறார்கள். கிழக்குச் சரிவில் உள்ள ட்சஃபெரானா தேனுக்குப் பேர்போனது. படிப்படியாகக் கட்டிய வயல்களில் திராட்சை விளைகிறது.

மறுபடியும் அதே மண்

இந்த மலை எடுத்துக்கொண்டதும் கொஞ்சமல்ல. 1669-ல் நெருப்பாறு பல கிராமங்களை விழுங்கி, கட்டானியாவின் மதிலைத் தாண்டிக் கடலில் போய் விழுந்தது. கடலோரம் இருந்த உர்சினோ கோட்டை, இன்று நகரத்துக்குள்ளே நிற்கிறது. 1928-ல் மஸ்காலி என்ற ஊர் குழம்பில் புதைந்தது. ஊரார் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெளியேறினார்கள்.

1992-ல் ட்சஃபெரானாவின் எல்லைவரை நெருப்பு வந்தது. மண் கரை எழுப்பினார்கள். ஹெலிகாப்டரில் கான்கிரீட் கட்டிகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். வெடிவைத்துக் குழம்பைத் திசைதிருப்பினார்கள். ஊர் பிழைத்தது.

வேறு இடம் பார்க்கலாமே என்று கேட்கத் தோன்றும். மஸ்காலிக்காரர்கள் பார்த்தார்கள். கொஞ்சம் கீழே, அதே மலையின் காலடியில், அதே பெயரில் புது ஊர் கட்டிக்கொண்டார்கள்! சாம்பல் விழுகிற நாளில் இந்தப் பக்கத்து ஜனங்கள் குடை பிடித்து நடப்பார்கள். விமான நிலையம் மூடப்படுவதும் உண்டு. மழை விட்டதும் முற்றம் கூட்டுவது போல, மறுநாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார்கள்.

மாலை பஸ்ஸில் இறங்கும் பயணியின் பூட்சிலும் கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருக்கும். மத்தியானம் அவர் சாப்பிட்ட தேனும் பிஸ்தாவும் அந்தச் சாம்பல் போட்ட சாப்பாடு.